வழுக்கித் தப்பும் கிருமி

பிறந்து ஒன்றரை மாதமான குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால், இரண்டு தொடையிலும் ஊசி போடுவார்கள். இடது தொடையில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட். வலது தொடையில் நியூமோகாக்கஸ் தடுப்பூசி. தடுப்பூசி அட்டையில் ‘பிசிவி’ என்று குறித்திருக்கும். “இத்தனூண்டு பிள்ளைக்கு இத்தனை ஊசியா?” என்று கூட வந்த பாட்டி மனம் பொறுக்காமல் கேட்பார். நியாயமான கேள்வி. இரண்டு வயது ஆகட்டும், உடம்பு தேறட்டும், பிறகு போடலாமே என்று தோன்றுவதும் இயல்புதான்.

அந்த இரண்டு ஊசிமருந்துகளுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. இரண்டிலும் சர்க்கரை இருக்கிறது. நோய்க்கிருமியின் உடலைச் சுற்றியுள்ள வழுவழுப்பான உறையிலிருந்து பிரித்தெடுத்த சர்க்கரை. அதைத் தனியாகக் கொடுக்காமல் ஒரு புரதத்தோடு வேதிப்பிணைப்பால் இணைத்துக் கொடுக்கிறார்கள். கிருமியை எதிர்க்கக் கிருமியின் சர்க்கரை எதற்கு? அதை ஏன் ஒரு புரதத்தோடு கட்ட வேண்டும்? பாட்டியின் கேள்விக்கான பதில் இந்த இரண்டுக்குள்தான் இருக்கிறது.

நியூமோகாக்கஸ் இரண்டிரண்டு உருண்டைகளாக ஒட்டிக்கொண்டு வாழும் பாக்டீரியா. 1881-இல் பாரிஸில் லூயி பாஸ்டரும் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க்கும் தனித்தனியே இதைக் கண்டார்கள். ஆரோக்கியமாக ஓடியாடும் எத்தனையோ குழந்தைகளின் மூக்கின் உட்பகுதியில் இது குடியிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. சிலருக்கு மட்டும் நுரையீரலில் இறங்கி நிமோனியா ஆகிறது, இரத்தத்தில் கலக்கிறது, மூளையைப் போர்த்திய சவ்வில் அழற்சியை உண்டாக்குகிறது. இரத்தத்துக்குள் பாக்டீரியாக்கள் நுழைவது அபூர்வமே அல்ல. பல் துலக்கும்போது ஈறு கீறினாலும் சில உள்ளே போகும். அவற்றை நம் வெள்ளையணுக்கள் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகின்றன. நியூமோகாக்கஸை மட்டும் ஏன் விழுங்க முடிவதில்லை?

கோடையில் நன்னாரி சர்பத்தில் போடும் சப்ஜா விதையை நினைத்துப் பாருங்கள். உலர்ந்திருக்கும்போது கடுகை விடச் சிறிய கறுப்பு விதை. தண்ணீரில் ஊறினால் அதைச் சுற்றிக் கண்ணாடி போல ஒரு கூழ் வளையம் எழும்புகிறது. விரலால் பிடித்தால் நழுவும். கறுப்பு விதையைத் தொடவே முடியாது, தொடுவதெல்லாம் கூழைத்தான். அந்தக் கூழ், சர்க்கரைத் துணுக்குகள் நீளச் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதால் உண்டானது. வேதியியல் கண்ணால் பார்த்தால் நியூமோகாக்கஸின் உறையும் கிட்டத்தட்ட இதே வகைதான். பல சர்க்கரைகள் சேர்ந்த சங்கிலி என்பதால் இதைப் பல்சர்க்கரை என்கிறோம். விதையின் கூழ் ஊறியபின் வருவது; பாக்டீரியாவோ தன் சங்கிலிகளைத் தானே நெய்து, வெளியே தள்ளி, தன் சுவரின் மேல் பிணைத்துக்கொள்கிறது. சுமார் ஒரு மைக்ரான் குறுக்களவுள்ள உடலுக்கு 200 முதல் 400 நானோமீட்டர் தடிப்பில் உறை.

சாதாரணச் சாயங்கள் இந்த உறையில் ஒட்டாது. அதனால் நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு ஆய்வுக்கூடங்களில் ஒரு பழைய உபாயம் உண்டு. ஓவியர்கள் பயன்படுத்தும் இந்தியன் இங்க்கில் ஒரு சொட்டைக் கிருமியோடு கலந்து கண்ணாடித் தகட்டில் பரப்புவார்கள். மையின் கரித்துகள்கள் உறைக்குள் நுழைய முடியாது. புலம் முழுவதும் கறுத்துக் கிடக்க, ஒவ்வொரு கிருமியைச் சுற்றியும் வெளிச்ச வளையம் தெரியும். முதல் தடவை பார்க்கும் மருத்துவ மாணவர் யாரும் அந்தக் காட்சியை எளிதில் மறக்க மாட்டார்.

கிருமிகளை விழுங்கும் வெள்ளையணுக்களை விழுங்கணுக்கள் என்போம். இவை எதிரே வந்ததையெல்லாம் கண்மூடித்தனமாக விழுங்குவதில்லை. ‘இதை விழுங்கு’ என்று யாராவது குறிபோட்டிருக்க வேண்டும். குறிபோடுகிறவை இரண்டு. ஒன்று, இரத்தத்தில் எப்போதும் மிதக்கும் நிரப்புப் புரதங்கள். மற்றது, குறிப்பிட்ட கிருமிக்கென்று உடல் செய்யும் எதிர்ப்பொருள். உறையுள்ள கிருமியின் சுவரிலும் நிரப்புப் புரதங்கள் படியத்தான் செய்கின்றன. ஆனால் அவை கூழுக்கு அடியில் புதைந்து கிடக்கின்றன. விழுங்கணுவின் மேற்பரப்பிலுள்ள பிடிகள் அவ்வளவு ஆழத்துக்கு எட்டுவதில்லை. பெரும்பாலான உறைகளுக்கு எதிர்மின் தன்மை வேறு இருக்கிறது. நம் அணுக்களின் மேற்பரப்பும் எதிர்மின் தன்மை உடையதுதான் என்பதால் இரண்டும் ஒன்றையொன்று விலக்குகின்றன. மூக்கின் சளியில் சிக்காமல் நழுவுவதற்கும் இதே குணம் உதவுகிறது.

இதெல்லாம் பொருத்தமான கதையாக இருக்கிறது. ஆனால் உறைதான் காரணம் என்று எப்படித் தெரியும்? உறையுள்ள கிருமி கொடியது என்று கண்டால் மட்டும் போதாது. கொடுமைக்கு வேறொரு காரணம் இருந்து, உறை அதனோடு வெறுமனே உடன்வந்திருக்கலாம்.

லண்டனில் சுகாதார அமைச்சகத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலைபார்த்த பிரெடரிக் கிரிஃபித் 1928-இல் வெளியிட்ட சோதனை நம் பள்ளிப் பாடநூல்களிலும் வரும். உறையுள்ள நியூமோகாக்கஸ் தட்டில் வளரும்போது வழவழப்பான பளபளக்கும் குவியலாகத் தெரியும். உறையை இழந்தது சொரசொரப்பாகத் தெரியும். வழவழப்பானதை எலிக்குள் செலுத்தினால் எலி செத்தது. சொரசொரப்பானது எலியை ஒன்றும் செய்யவில்லை. சூட்டில் கொன்ற வழவழப்பானதும் ஒன்றும் செய்யவில்லை. உயிருள்ள சொரசொரப்பையும் செத்த வழவழப்பையும் ஒன்றாகச் செலுத்தியபோது எலிகள் செத்தன. அவற்றின் இரத்தத்தில் உயிருள்ள வழவழப்பான கிருமிகள் இருந்தன. செத்த கிருமியிடமிருந்து ஏதோ ஒன்று கைமாறி, உறை நெய்யும் திறனைக் கொடுத்திருக்கிறது. அந்த ‘ஏதோ ஒன்று’ டிஎன்ஏ என்று 1944-இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் நிலையத்தில் ஆஸ்வால்ட் ஏவரி, காலின் மெக்லியாட், மேக்லின் மெக்கார்ட்டி மூவரும் நிறுவினார்கள். மரபியலின் பெருங்கதையாக எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். அவர்கள் கையில் இருந்த கேள்வியோ உறை பற்றியது. டிஎன்ஏ அதன் வழியில் கிடைத்த விடை.

உறையைப் பொறுத்தவரை இதைவிட நேரடியான சோதனை ஒன்று ஏவரியின் கூடத்திலேயே நடந்தது. அது அதிகம் பேசப்படாமல் போனது எனக்கு வருத்தமே. ரெனே டூபாஸ் என்ற இளம் மண்ணியல் ஆய்வாளர் அங்கே சேர்ந்திருந்தார். எந்தக் கரிமப் பொருளும் மண்ணில் என்றென்றைக்கும் குவிந்து கிடப்பதில்லை, அதைத் தின்ன ஒரு நுண்ணுயிர் இருந்தே தீரும் என்பது அவர் நம்பிக்கை. அப்படியானால் நியூமோகாக்கஸின் மூன்றாம் வகை உறையைத் தின்னவும் ஒன்று இருக்க வேண்டும். நியூஜெர்சியின் சதுப்பு நிலம் ஒன்றில், கிரான்பெர்ரி பயிராகும் இடத்து மண்ணில் அப்படியொரு பாக்டீரியாவைக் கண்டெடுத்தார். அதிலிருந்து ஒரு நொதியைப் பிரித்தார். அந்த நொதி நியூமோகாக்கஸைக் கொல்லவில்லை. அதன் உறையை மட்டும் கரைத்தது. உறை கரைந்த கிருமி உயிரோடுதான் இருந்தது, வளரவும் செய்தது. மூன்றாம் வகைக் கிருமியைச் செலுத்திய எலிகளுக்கு இந்த நொதியைக் கொடுத்தபோது அவை பிழைத்தன. சூடாக்கிக் கெடுத்த நொதி காப்பாற்றவில்லை. இரண்டாம் வகைக் கிருமியிடமும் அது பலிக்கவில்லை, ஏனென்றால் அதன் உறைச் சர்க்கரை வேறு. 1931-இல் ஏவரியும் டூபாஸும் இதை விரிவாக வெளியிட்டார்கள். கிருமியைத் தொடாமல் உறையை மட்டும் அகற்றி, மிச்ச வேலையை எலியின் விழுங்கணுக்களிடமே விட்டுவிட்ட சோதனை இது. உறையின் பங்கை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியுமா என்று தெரியவில்லை.

இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்றேன். எந்தச் சர்க்கரைகள், எந்த வரிசையில், எந்த முடிச்சில் கோத்திருக்கின்றன என்பதைப் பொறுத்து உறை மாறும். நியூமோகாக்கஸில் மட்டும் இன்று நூற்றுக்கு மேற்பட்ட உறை வகைகள் அறியப்பட்டிருக்கின்றன. 1902-இல் ஜெர்மனியின் பிரெட் நாய்ஃபெல்ட் ஒன்றைக் கவனித்தார்: கிருமியோடு அதற்கேற்ற எதிர்ப்பொருள் கொண்ட சீரத்தைக் கலந்தால், நுண்ணோக்கியில் உறை உப்பித் தடித்துத் தெரிகிறது. வேறு வகைக்கான சீரத்தைக் கலந்தால் அப்படி எதுவும் நடப்பதில்லை. பென்சிலின் வராத காலத்தில் நிமோனியாவுக்குக் குதிரை, முயல் ஆகியவற்றின் சீரம்தான் மருந்து. சரியான வகைக்குச் சரியான சீரம் கொடுத்தால்தான் பலன். நோயாளியின் சளியை எடுத்து, ஒவ்வொரு சீரமாகக் கலந்து, எது உப்புகிறது என்று இரவில் ஆய்வுக்கூடத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எதிர்ப்பொருள் உறையின் மேலேயே அமர்கிறது என்பதுதான் இதிலுள்ள சூட்சுமம். அதன் ஒரு முனை சர்க்கரையைக் கவ்வ, மறுமுனை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். விழுங்கணு அந்த முனையைப் பற்றி இழுக்கிறது. நழுவுவதற்கென்று கிருமி செய்துகொண்ட உறையே அதைப் பிடிக்கும் இடமாகிவிடுகிறது.

அப்படியென்றால் உறைச் சர்க்கரையை மட்டும் தூய்மையாக்கி ஊசியில் கொடுத்தாலே போதுமே? போதும், பெரியவர்களுக்கு. இரண்டாம் உலகப் போரின் போது அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் சூ ஃபால்ஸ் என்ற ஊரிலிருந்த விமானப்படைப் பயிற்சி முகாமில் நிமோனியா பரவியது. மெக்லியாடும் மைக்கேல் ஹைடல்பெர்கரும் நான்கு உறைகளின் சர்க்கரையை வீரர்களில் பாதிப் பேருக்கு ஊசியாகக் கொடுத்தார்கள். ஊசி பெற்றவர்களிடம் அந்த நான்கு வகை நிமோனியா ஏறக்குறைய நின்றே போனது. 1945-இல் முடிவு வெளிவந்தது. ஆனால் அதற்குள் பென்சிலின் வந்துவிட்டது. சந்தைக்கு வந்த தடுப்பூசிகளும் வாங்குவாரின்றித் திரும்பின. பென்சிலின் கொடுத்தும் நோயின் முதல் ஐந்து நாட்களில் நேரும் மரணங்கள் குறையவே இல்லை என்று நியூயார்க்கின் ராபர்ட் ஆஸ்ட்ரியன் 1964-இல் கணக்குக் காட்டியபோதுதான் மறுபடி தடுப்பூசிப் பேச்சு எழுந்தது. தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் சோதித்து, 14 உறைகள் கொண்ட தடுப்பூசிக்கு 1977-இல் உரிமம் கிடைத்தது.

குழந்தைகளிடம்தான் சிக்கல். இந்தக் கதையில் இங்கே இன்னொரு கிருமி வருகிறது: ஹீமோபிலஸ் இன்ஃப்ளுயென்சா பி, சுருக்கமாக ஹிப். பெயரில் இன்ஃப்ளுயென்சா இருந்தாலும் ஃப்ளூ காய்ச்சலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இதன் உறைகளில் ஆறு வகை உண்டு என்றும், மூளைச்சவ்வு அழற்சியில் திரும்பத் திரும்பக் கிடைப்பது ‘பி’ வகை என்றும் 1931-இல் மார்கரெட் பிட்மன் காட்டினார். இரண்டு ஆண்டுகள் கழித்து பாஸ்டனில் ஃபாதர்கில், ரைட் இருவரும் வெவ்வேறு வயதினரின் இரத்தத்தை எடுத்து, அது ஹிப் கிருமியைக் கொல்கிறதா என்று பார்த்தார்கள். பிறந்த குழந்தையின் இரத்தம் கொன்றது. தாயிடமிருந்து கருவில் வந்த எதிர்ப்பொருள் அதில் இருந்தது. பெரியவர்களின் இரத்தமும் கொன்றது. இடைப்பட்ட வயதில், ஏறத்தாழ இரண்டு மாதம் முதல் மூன்று வயது வரை, இரத்தம் கையாலாகாமல் இருந்தது. ஹிப் மூளைச்சவ்வு அழற்சி வரும் வயதும் சரியாக அதுவே.

சரி, அந்த வயதில் சர்க்கரையை ஊசியாகக் கொடுத்தால்? 1974-இல் பின்லாந்தில் பெரிய அளவில் ஹிப் சர்க்கரையைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றரை வயதைத் தாண்டியவர்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. அதற்குக் கீழே உள்ளவர்களுக்குக் கிடைக்கவில்லை. யாருக்கு மிகத் தேவையோ அவர்களிடம் பலிக்கவில்லை.

காரணம் நம் எதிர்ப்பாற்றலின் அமைப்பில் இருக்கிறது. எதிர்ப்பொருள் செய்பவை பி அணுக்கள். அவற்றுக்கு ஊக்கம் கொடுத்து, பெருகவைத்து, நீண்டகால நினைவு உண்டாக்குபவை டி அணுக்கள். டி அணுக்களுக்குப் புரதத் துண்டுகள் அடையாளம் தெரியும். இந்த உறைச் சர்க்கரைகள் தெரியாது. ஆகவே சர்க்கரையைக் கண்ட பி அணு, துணையில்லாமல் தானே செயல்பட வேண்டும். அப்படிச் செயல்படத் தேர்ந்த பி அணுக்கள் மண்ணீரலின் ஒரு பகுதியில் இருக்கின்றன. அந்தப் பகுதி முதிர ஏறத்தாழ இரண்டு வயது ஆகிவிடுகிறது.

மண்ணீரல் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. வண்டி விபத்தில் மண்ணீரல் சிதைந்து அகற்றப்பட்டவர்களுக்கும், தலசீமியா போன்ற இரத்த நோய்களால் அதை எடுத்துவிட்டவர்களுக்கும், உறையுள்ள கிருமிகள் வாழ்நாள் முழுவதும் அபாயம். எதிர்ப்பொருள் செய்வதோடு இரத்தத்திலிருந்து அந்தக் கிருமிகளை வடிகட்டுவதும் மண்ணீரலின் வேலை. அது இல்லாதவருக்குக் காலையில் வந்த காய்ச்சல் மாலைக்குள் உயிராபத்தாக முற்றலாம். அறுவை முன்கூட்டியே திட்டமிட்டதென்றால், குறைந்தது இரண்டு வாரம் முன்பே தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ளச் சொல்வார்கள். அவசர அறுவை என்றால் பின்னாலாவது போட்டுக்கொள்ள வேண்டும். மண்ணீரல் இல்லாதவர்கள் காய்ச்சல் கண்டால் மாத்திரை போட்டு மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போய் ‘எனக்கு மண்ணீரல் இல்லை’ என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

குழந்தைகளின் சிக்கலுக்கான திறவுகோல் பழைய ஆய்வு ஏடுகளிலேயே கிடந்தது. 1931-இல் ஏவரியும் வால்தர் கோபலும் மூன்றாம் வகை நியூமோகாக்கஸின் சர்க்கரையைக் குதிரைச் சீரத்துப் புரதத்தோடு இணைத்து முயல்களுக்குக் கொடுத்திருந்தார்கள். தனிச் சர்க்கரைக்கு அசையாத முயல்கள் இந்த இணைப்புக்கு எதிர்ப்பொருள் செய்தன. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையத்தில் ஜான் ராபின்ஸும் ரேச்சல் ஷ்னீர்சனும், ராச்செஸ்டரில் டேவிட் ஸ்மித்தும் போர்ட்டர் ஆண்டர்சனும் இதே வழியை ஹிப் உறைக்குக் கையாண்டார்கள்.

நடப்பது இதுதான். சர்க்கரையை அடையாளம் கண்ட பி அணு, அதனோடு பிணைந்த புரதத்தையும் சேர்த்தே உள்ளிழுக்கிறது. புரதத்தைத் துண்டாக்கித் தன் மேற்பரப்பில் காட்டுகிறது. டி அணு அந்தத் துண்டைக் கண்டுகொண்டு, தனக்குத் தெரிந்த புரதத்தைக் காட்டுகிற அணுவுக்குத் துணை செய்கிறது. துணை பெற்ற அந்த அணுவோ சர்க்கரைக்கு எதிர்ப்பொருள் செய்கிற அணு! மண்ணீரல் முதிரக் காத்திருக்க வேண்டிய தேவை இல்லாமல் போகிறது. இணைக்கும் புரதம் பெரும்பாலும் டெட்டனஸ் நச்சிலிருந்தோ டிப்தீரியா நச்சிலிருந்தோ தீங்கு நீக்கிப் பெறப்பட்டது. இப்படிச் செய்ததை இணைப்புத் தடுப்பூசி என்கிறோம்.

அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 சிறு குழந்தைகளைத் தாக்கிய கடும் ஹிப் நோய், 1990-இல் கைக்குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி வந்தபின் சில ஆண்டுகளிலேயே நூற்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. இந்தியாவின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் ஹிப் அடங்கிய பென்டாவேலன்ட் முதலில் நுழைந்தது தமிழகத்திலும் கேரளத்திலும்தான், 2011 டிசம்பரில். நியூமோகாக்கஸ் தடுப்பூசி 2017-இல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021-இல் நாடு முழுவதற்கும் வந்தது. டைபாய்டு கிருமிக்கும் ‘விஐ’ என்னும் உறை உண்டு. அதன் தனிச் சர்க்கரைத் தடுப்பூசி இரண்டு வயதுக்கு மேல்தான் பலிக்கும். ஐதராபாத்தில் செய்யப்படும் இணைப்பு வடிவத்தை ஆறு மாதக் குழந்தைக்கே போடலாம். ஆக, பாட்டி சொல்கிற மாதிரி இரண்டு வயது வரை காத்திருந்தால், கிருமி மிகக் கடுமையாகத் தாக்கும் காலம் முழுவதும் பிள்ளை காப்பில்லாமல் கழித்திருக்கும்.

பாட்டிக்கும் இதில் ஒரு பங்கு கிடைக்கிறது. இணைப்புத் தடுப்பூசி குழந்தையின் மூக்கிலேயே அந்த உறைவகைக் கிருமிகளைக் குடியேற விடாமல் தடுக்கிறது. பேரப்பிள்ளையிடமிருந்து தாத்தா பாட்டிக்குத் தொற்றுவதும் குறைகிறது. 2000-இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கு ஏழு உறைத் தடுப்பூசி தொடங்கியபோது, ஊசி போடாத முதியவர்களிடமும் அந்த ஏழு வகை நோய்கள் சரிந்தன.

காலியான இடத்துக்கு வேறு உறைக் கிருமிகள் வந்து சேரவும் செய்தன. தடுப்பூசியில் இல்லாத 19ஏ வகை அங்கே பெருகியது. பிறகு அதையும் சேர்த்து 13 உறைகள் கொண்ட தடுப்பூசி வந்தது. நியூமோகாக்கஸ் பக்கத்துக் கிருமியின் டிஎன்ஏவை எடுத்துக்கொண்டு உறையையே மாற்றிக்கொள்ளக் கூடியது. கிரிஃபித்தின் எலிகளுக்குள் நடந்தது நம் மூக்குகளிலும் நடக்கிறது. மூன்றாம் வகை இன்னொரு விதத்தில் தப்புகிறது. அதன் உறை சுவரோடு இறுகப் பிணைந்திருப்பதில்லை. உதிர்ந்த சர்க்கரை எதிர்ப்பொருளைத் தன்மேல் வாங்கிக்கொள்ள, கிருமி நழுவுகிறது. மூளைச்சவ்வு அழற்சி உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸின் ‘பி’ வகை உறையோ நம் நரம்பணுக்களின் மேலிருக்கும் சர்க்கரையை அப்படியே ஒத்தது. அதற்கு எதிர்ப்பொருள் செய்ய உடல் தயங்கும். செய்யத் தூண்டுவதும் பாதுகாப்பானதல்ல. எனவே அந்தக் கிருமிக்கு உறையை விட்டுவிட்டு வேறு புரதங்களைக் கொண்டு தடுப்பூசி செய்ய வேண்டியிருந்தது.

இன்று என்னை அதிகம் கவலைகொள்ள வைப்பது கிளெப்சியெல்லா. சில வகைகளின் உறை அத்தனை தடிமன். தட்டில் வளர்ந்த குவியலைக் கம்பி வளையத்தால் தொட்டு உயர்த்தினால் பிசுபிசுவென்று இழையாக நீளும். இழை ஐந்து மில்லிமீட்டரைத் தாண்டினால் ஆய்வுக்கூடத்தில் எச்சரிக்கை ஆகிறார்கள். பச்சிளங்குழந்தைகளின் இரத்தத் தொற்றுக்கு நம் நாட்டு மருத்துவமனைகளில் முன்னணிக் காரணங்களில் ஒன்று கிளெப்சியெல்லா. பல மருந்துகளுக்கு அது இப்போது கட்டுப்படுவதில்லை. பிறந்த முதல் நாட்களிலேயே வருகிற நோய்க்கு, ஒன்றரை மாத ஊசி உதவாது. கர்ப்பிணித் தாய்க்கு உறைத் தடுப்பூசி போட்டு, தொப்புள்கொடி வழியாக எதிர்ப்பொருளைப் பிள்ளைக்கு அனுப்புவதுதான் வழி. பிறந்த குழந்தைகளைத் தாக்கும் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கு இப்படியொரு ஆறு உறைத் தடுப்பூசி கர்ப்பிணிகளிடம் சோதிக்கப்பட்டிருக்கிறது. கிளெப்சியெல்லாவில் எழுபதுக்கு மேற்பட்ட உறைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரு குப்பிக்குள் அடக்க முடியாது. முதல் தடுப்பூசியில் எவற்றைச் சேர்ப்பது என்று முடிவுசெய்ய, ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பச்சிளங்குழந்தைகளின் இரத்தத்தில் கிடைத்த கிருமிகளின் உறை மரபணுக்களைப் படித்து, எந்த உறை எத்தனை என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.